குடியை நிறுத்திய பிறகு: கேள்வி பதில்

போதை மறுவாழ்வுப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மருந்து டாக்டர் கொடுக்கிறார். அங்கே சமூகப் பணியாளருக்கு என்ன வேலை? (கரூரிலிருந்து ஒருவர்)

முதல் சில நாட்கள் டாக்டருடையவைதான். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பும் பிதற்றலும் வரும். அதனால் வீட்டிலேயே வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

அப்புறம்தான் என் வேலை. வீடு திரும்பியதும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் என்ன செய்வார்? கந்துவட்டிக் கடன் எவ்வளவு? பழைய முதலாளி திரும்பச் சேர்த்துக்கொள்வாரா? மனைவி பேசுகிறாரா? இதையெல்லாம் உட்கார்ந்து கேட்பேன். ஒரு கொத்தனாருக்குச் சனிக்கிழமைதான் கண்டம்: கையில் வாரக்கூலி, போகிற வழியில் டாஸ்மாக். அவர் சம்மதத்தோடு மேஸ்திரியிடம் பேசி, கூலியை மனைவியின் கணக்கில் போடவைத்தோம். அவர் பஸ்ஸையும் மாற்றிக்கொண்டார். இதற்கு எந்த மாத்திரையும் கிடையாது.

குடிநோய்ச் சிகிச்சைக்காகச் சென்னையில் 1980-ல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதனும் சமூகப் பணி படித்தவர்தான். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும் என்பதை அவர் வாழ்ந்து தெரிந்துகொண்டிருந்தார்.

அண்ணனுக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை மறக்கடிக்கும் மாத்திரை கலக்கிறோம். சரியா?

தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். இப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும், சாவில்கூட முடியலாம். குடிப்பவருக்கு விஷயம் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது. என்ன மாத்திரை, எத்தனை நாளாகக் கலந்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாலு மாதம் குடிக்காமல் இருந்த கணவர் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டார். எல்லாம் வீணா?

இல்லைம்மா. அந்த நாலு மாதம் எங்கும் போய்விடவில்லை. நாங்கள் இதைச் சறுக்கல் என்போம். குடிநோயில் அடிக்கடி நடப்பதுதான். "இத்தனை பணம் செலவு செய்தோமே" என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த வெட்கத்திலேயே மறுபடி குடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரிரு நாளில் மையத்துக்குக் கூட்டி வாருங்கள். முதல் கிளாஸுக்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் நான் கேட்பேன். யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், சாப்பிட்டிருந்தாரா. அடுத்த கல்யாணத்துக்கான திட்டம் அதிலிருந்துதான் கிடைக்கும்.

அவர் நிறுத்தி ஒரு வருடம். இன்னமும் கதவைத் திறந்ததும் வாயை மோந்து பார்க்கிறேன். எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் கேள்விதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது. பத்து வருடம் பயந்த உடம்பு ஒரு வருடத்தில் நம்பிவிடாது. அதில் உங்கள் தப்பு எதுவுமில்லை. ஆனால் அவர் கூட வராவிட்டாலும் நீங்கள் மட்டும் ஆலோசனைக்கு வரலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்களும் நடக்கின்றன. அங்கே பேசத்தான் வேண்டும் என்றில்லை, முதல் நாள் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாலும் போதும்.

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

14446. கட்டணமில்லாத தேசிய உதவி எண். குடிப்பவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களே பேசலாம்.