ஆடியில் காரைக்குடிக்குச் சாயங்கால இடிமழை வருமா என்று காலையிலேயே சொல்ல முடியுமா?

மாவட்டத்துக்குச் சொல்லலாம், உங்கள் தெருவுக்கு முடியாது.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஈரத்தைக் கொட்டிவிட்டு, வறண்டுதான் நம் பக்கம் வருகிறது. பகல் முழுக்கச் செம்மண் காய்கிறது. பிற்பகலில் தொண்டிப் பக்கமிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நுழைந்து மேற்கேயிருந்து வரும் அந்த மேல்காற்றோடு மோதும். மோதுகிற கோட்டில் சூடான காற்று எழும்பி, மேகம் கோபுரமாக வளரும். கோடு தேவகோட்டையோடு நின்றுவிட்டால் காரைக்குடிக்கு வெறும் புழுதிதான். மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும்.

மதியத்துக்கு மேல் காரைக்கால் ரேடார் படத்தையும், வானிலைத் துறையின் 3 மணி நேர முன்னறிவிப்பையும் பாருங்கள். எங்கள் அப்பத்தா ரேடாரைக் கண்டதில்லை. மேல்காற்று சட்டென்று நின்று கிழக்கேயிருந்து சில்லென்று முகத்தில் பட்டதும், மொட்டைமாடி வற்றலை அள்ளிவிடுவார்.