வாசகர் கேள்வி நேரம்: தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணச் சட்டமன்றம்

கேள்வி: தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் தொகுதி எம்.எல்.ஏ. பெயரைச் சொல்கிறார்கள். இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த்துக்கு யார்?
(சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: யாருமில்லை. இங்கே தொகுதி என்பதே கிடையாது. மாகாணம் முழுவதும் கட்சிக்குத்தான் வாக்கு. மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கூடும் சட்டமன்றத்தின் 80 இடங்களும் வாக்கு விகிதப்படி பிரிகின்றன. 2024 முதல் சுயேச்சைகளும் நிற்கலாம். உங்கள் வட்டாரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் உறுப்பினர் அவருடைய கட்சி அனுப்பிவைத்தவர். அவர் பதவியில் நீடிப்பது கட்சிப் பட்டியலில் எத்தனையாவது பெயராக இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அவரைப் பார்க்கப் போகுமுன் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்னக் கட்சிக்குப் போடும் ஓட்டு வீண் என்கிறார்களே?
(வெருலம் வாசகர்)

பதில்: கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். செல்லுபடியான வாக்குகள் 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அதாவது 81 ஆல் வகுத்து, வருவதோடு ஒன்று சேர்த்துப் பின்னத்தை விட்டுவிட வேண்டும். 43,210 வரும். அதுதான் ஓர் இடத்தின் விலை. ஒரு லட்சம் வாக்கு வாங்கிய கட்சிக்கு இரண்டு இடம் போக 13,580 மிச்சம். 30,000 வாங்கிய கட்சிக்கு முழு இடம் இல்லை, ஆனால் அந்த 30,000 அப்படியே மிச்சமாக நிற்கிறது. நிரம்பாத இடங்கள் பெரிய மிச்சம் உள்ளவர்களுக்கு முதலில் போவதால், சின்னக் கட்சி முந்திக்கொள்ள முடியும். சின்னக் கட்சியான மைனாரிட்டி ஃபிரன்ட் 1999இலும் 2004இலும் இரண்டு இடங்கள் பெற்றது; 2014இலும் 2019இலும் ஒவ்வோர் இடம் பெற்றது இந்த வழியில்தான். 2024இல் ஒன்றும் இல்லை.

ஒற்றை இடம் என்ன செய்துவிடும் என்பவர்கள் 2024 கணக்கைக் கூட்டிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் எம்.கே. கட்சி 37, ஈ.எஃப்.எஃப். கட்சி 2: மொத்தம் 39. மறுபக்கம் இன்கதா, ஏ.என்.சி., டி.ஏ. கட்சிகள் முறையே 15, 14, 11: மொத்தம் 40. பாதிதான், பெரும்பான்மை இல்லை. என்.எஃப்.பி. என்ற சின்னக் கட்சியின் ஒரே உறுப்பினரைச் சேர்த்தால் 41. இன்கதாவின் தாமி ந்டூலி முதல்வரானது 41க்கு 39 என்ற வாக்கில்!

கேள்வி: ஓர் உறுப்பினர் கட்சி மாறினால்? மேலே போக வழி என்ன?
(டொங்காட் வாசகர்)

பதில்: கட்சியை விட்டால் பதவியும் போச்சு, அரசியல் சட்டம் 106ஆம் பிரிவு. இடைத்தேர்தல் கிடையாது, பட்டியலில் அடுத்தவர் வந்து உட்காருவார். இடையில் சில ஆண்டுகள் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் தாவலாம் என்ற ஏற்பாடு இருந்தது, 2009இல் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் கட்சித் தலைமையின் பிடி அதனால் இறுகிவிட்டது என்பதும் உண்மை. அபராதம் கட்டித் தப்ப வழியில்லாமல் 12 மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றவரும், தீராத திவாலில் இருப்பவரும் உறுப்பினராக முடியாது.

மேலே போவதற்கு முதல் படி எம்.இ.சி., அதாவது மாகாண அமைச்சர். முதல்வர் உறுப்பினர்களிலிருந்து 5 முதல் 10 பேரை எடுப்பார். மற்றொரு வழி கேப்டவுனில் கூடும் மாகாணங்களின் தேசியப் பேரவை, அதாவது நாடாளுமன்றத்தின் மேலவை. மாகாணத்துக்குப் பத்துப் பேர். அதில் நிரந்தரப் பிரதிநிதிகளான ஆறு பேரில் ஒருவரானால் இங்குள்ள இடத்தை விட்டுவிட வேண்டும். மைனாரிட்டி ஃபிரன்ட் தலைவர் அமிசந்த் ராஜ்பன்சியின் பாதை பலருக்கு நினைவிருக்கும்: இந்தியர் கவுன்சில், 1984இல் பலர் புறக்கணித்த, இந்தியர்களுக்கென்று வைத்த அவையான ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ், 1994க்குப் பின் மாகாணச் சட்டமன்றம், அங்கே விளையாட்டுத் துறை எம்.இ.சி. நிறவெறிக் கால அவையில் இருந்தவர் என்ற பழியும் கடைசிவரை கூடவே வந்தது. 2011இல் காலமானார்.

கேள்வி: எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை. எம்.பி.எல்.லை (மாகாணச் சட்டமன்ற உறுப்பினரை) பார்க்கலாமா?
(பீனிக்ஸ் வாசகர்)

பதில்: நேரம்தான் வீணாகும். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி. வார்டு கவுன்சிலரிடம் போங்கள். அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை மத்திய அரசு. மாகாணத்தின் கையில் பெரிதாக இருப்பவை மருத்துவமனையும் பள்ளியும்: ஆர்.கே. கான், மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை போன்றவை. தமிழ்ப் பாடத்தைப் பற்றி அடிக்கடி குழப்பம் வருகிறது. பாடத்திட்டம் மத்திய அரசுடையது, ஆசிரியர் பணியிடம் மாகாணத்துடையது. "தமிழை வளர்க்க வேண்டும்" என்று மனு கொடுத்தால் அது பெட்டிக்குள் தூங்கும். எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எப்போதிலிருந்து ஆசிரியர் இல்லை என்று எழுதி, எம்.இ.சி.யிடம் எழுத்து மூலம் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் தயங்கினால் எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கொடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.