வார்டு நர்ஸ் ஆராய்ச்சிச் சான்றுகளை எப்படித் தேடுவது? எதை நம்புவது?

வகுப்பில் "சான்று அடிப்படையில் செய்யுங்கள்" என்கிறார்கள், எங்கே தேடுவது, எதை நம்புவது என்று யாரும் காட்டுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் தினமும் கையாளும் ஐவி கேனுலாவை (ரத்தக் குழாயில் மருந்து ஏற்றப் போடும் மெல்லிய குழாய்) வைத்தே சொல்கிறேன்.

தேடுவதற்கு முன் கேள்வியைக் கூர்மையாக்குங்கள். "கேனுலா பராமரிப்பு" என்று தட்டினால் ஆயிரக்கணக்கில் கொட்டும், ஒன்றும் கைக்கு வராது. "பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்தில் கேனுலாவைக் கட்டாயம் மாற்றுவதா, வலியோ சிவப்போ வந்தால் மட்டும் மாற்றுவதா, எதில் ஃபிளபைட்டிஸ் (ரத்தக் குழாய் அழற்சி) குறைவு?" என்று கேளுங்கள். யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவு என்ற நான்கும் இதில் வந்துவிடுகின்றன. பாடத்தில் பைகோ என்று படித்தது இதைத்தான். இந்தச் சொற்களையே ஆங்கிலத்தில் போட்டுத் தேடலாம்.

முதலில் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நூலகம், அடுத்து மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட். பப்மெட் இலவசம், முழுக் கட்டுரை வேண்டுமென்றால் பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள். காக்ரேனின் எளிய சுருக்கங்கள் சில தமிழிலும் இருக்கின்றன.

இந்தக் கேள்விக்கு முக்கியமான ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3 மருத்துவமனைகளில் நடந்து, 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 3,283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் கட்டாய மாற்றம், தேவைப்பட்டால் மட்டும் மாற்றம் என இரு பக்கமாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் ஃபிளபைட்டிஸ் 7%. 2019 காக்ரேன் தொகுப்பும் 9 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஃபிளபைட்டிஸில் தெளிவான வித்தியாசம் இல்லை என்றது. பிறகு எதற்கு வீணாக இன்னொரு முறை குத்த வேண்டும் என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் இதை நம்பிக் கட்டாய மாற்றத்தைக் கைவிட்டன. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கேனுலாக்களின் பதிவுகளைப் பார்த்தபோது, அந்தக் காலத்தில் கேனுலாவால் வரும் ரத்தத் தொற்று சுமார் 7 மடங்கு கூடியிருந்தது. பழைய முறைக்கே திரும்பினார்கள்.

எது பொய்? இரண்டுமே பொய்யில்லை. ரத்தத் தொற்று மிக அரிதாக வருவது. மூவாயிரம் பேரில் அதன் வித்தியாசம் பிடிபடாது. ஜெனீவாவில் எண்ணிக்கை பெரிது, ஆனால் குலுக்கல் இல்லை, முன்-பின் ஒப்பீடுதான். இடையில் வேறு ஏதாவது மாறியிருக்கவும் கூடும். அதனால் சுருக்கத்தோடு நிறுத்தாமல் முறைகள் பகுதியைப் படியுங்கள். எப்படிப் பிரித்தார்கள், விளைவை யார் பார்த்துக் குறித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், நீங்கள் அஞ்சும் விளைவை அளக்கும் அளவுக்கு ஆட்கள் இருந்தார்களா? என் அனுபவத்தில் பலரும் தவறவிடுவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

அப்புறம் உங்கள் வார்டு. தேவைப்பட்டால் மட்டும் மாற்றுவது என்றால், ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் கேனுலா இடத்தைப் பார்த்து, அந்த ரத்தக் குழாயின் மேல் விரல் வைத்து வலி, சூடு, தடிப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நைட் டியூட்டியில் ஒரே சிஸ்டர் முழு வார்டையும் பார்த்தால் அது நடக்குமா? கேனுலாவின் மேல் பிளாஸ்டரைச் சுற்றி மூடியிருந்தால் சிவப்பு கண்ணில் படாது. ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் கிடைக்கிறதா, நேரம் எழுதி ஒட்டுகிறார்களா என்று முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பையும் மேலே சொன்ன மூன்று கட்டுரைகளையும் சேர்த்தே இன்சார்ஜ் சிஸ்டரிடமும் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடமும் கொண்டுபோங்கள்.