கேமரூன் பித்தளை முகம்: புளி போட்டு தேய்க்கலாமா?

மதுரைல இருந்து ஒரு வாசகி ஃபோட்டோ அனுப்பி கேட்டிருக்காங்க. அவங்க மாமா கேமரூன்ல வேலை பார்த்துட்டு திரும்பும்போது ஒரு பித்தளை முகம் வாங்கிட்டு வந்தாராம், வித்தவர் "டிக்கார் ராஜா முகம், 200 வருஷம் பழசு"ன்னு சொன்னாராம். கன்னம் ரெண்டும் உப்பி, தலைல வரிசையா சிலந்தி வச்ச கிரீடம். கறுத்துப் போச்சு, புளி போட்டு தேய்க்கலாமா, நெஜமாவே பழசுதானான்னு கேள்வி.

புளி வேண்டவே வேண்டாம்மா. எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கற பவுடர், எதுவும் வேண்டாம். நம்ம சுவாமிமலைல மாதிரியேதான் அங்கயும், மெழுகுல உருவம் பண்ணி மேல மண்ண பூசி, சூடு காட்டி மெழுக வெளிய விட்டுட்டு அந்த எடத்துல உலோகத்த ஊத்துவாங்க. அந்த சிலந்தியோட ஒவ்வொரு காலும் மெழுகத் திரிச்சு ஒட்டினது, அவ்வளவு வேலை. திருப்பி பின்பக்கம் பாருங்க, இடுக்குல வெந்த மண்ணு ஒட்டிட்டு இருக்கும், புளித்தண்ணி அதுல ஊறிட்டா லேசுல காயாது, கொஞ்ச நாள்ல பச்சையா பூக்க ஆரம்பிச்சிடும். பெயிண்ட் அடிக்கற சாஃப்ட் பிரஷ் வாங்கி தூசிய மட்டும் தட்டுங்க, போதும். வெளிர் பச்சைல பவுடர் மாதிரி உதிர்ந்தா மட்டும் உலோகம் பராமரிக்கற ஆள்கிட்ட காட்டுங்க.

வயசு விஷயத்துக்கு வரேன். ஃபோட்டோல கறுப்பு மூக்கு நுனிலயும் காது மடிப்புலயும் ஒரே மாதிரி இருக்கு. கைபட்டு கைபட்டு பழசான பொருள்ல மேடு தேஞ்சு மின்னும், பள்ளம்தான் கறுக்கும். கெமிக்கல் தடவி, மண்ணுல புதைச்சு பழசாக்கறது அந்தப் பக்கம் நல்லா தெரிஞ்ச வித்தை. ஃபூம்பான்னு ஒரு ஊர், பாமூம் ராஜாங்களோட தலைநகர், அங்க இதுக்குன்னே கைவினைஞர் தெரு இருக்கு, உங்க முகமும் அங்க செஞ்சதாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். அப்ப "டிக்கார்"னு ஏன் சொன்னார்னா, பாமூம் ராஜ்யத்த ஆரம்பிச்ச ன்ச்சாரே யென் டிக்கார்ங்கற மக்களோட அரச குடும்பத்துல இருந்து, இன்னைக்கு பாங்கிம்னு சொல்ற எடத்துல இருந்து கிளம்பி வந்தவர்னு அவங்க வரலாறு சொல்லுது. சுத்துப்பட்டு ராஜ்யங்கள் பலதும் அந்த வம்சத்த சொல்லித்தான் பெருமைப்படும், வியாபாரிங்க அந்த ஒரு பேரையே எல்லாத்துக்கும் ஒட்டிடறாங்க.

சிலந்தி சும்மா டிசைன் இல்ல. அந்தப் பக்கம் மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழற பெரிய சிலந்தி இருக்கு, அந்த வளை வாய்கிட்ட குறி போட்ட இலைத் துண்டுங்கள வச்சு பானைய கவுத்துடுவாங்க, சிலந்தி வெளிய வந்து இலைகள எப்படி கலைச்சிருக்குன்னு பார்த்து குறி சொல்வாங்க. பூமிக்குள்ள இருக்கற முன்னோர்கிட்ட இருந்து சேதி கொண்டு வர்ற ஜீவன் அது, அதனாலதான் ராஜா சம்பந்தப்பட்ட பொருள்ல எல்லாம் சிலந்தி.

பழசு இல்லேன்னு வருத்தப்படாதீங்க, எனக்கு இதுல நிம்மதிதான். நெஜமான அரண்மனை பொருள் வெளிய வந்தா பெரும்பாலும் அது பறிச்சதாவோ திருடினதாவோதான் இருக்கும். ன்ச்சாரேவோட சகோதரி ன்கொன்சோ, ன்சோ மக்களோட மூதாய், சோழி பதிச்ச அவங்க மரச்சிற்பத்த ஒரு ஜெர்மன் அதிகாரி எடுத்துட்டுப் போய் 1903-ல பெர்லின் மியூசியத்துல சேர்த்துட்டார், திருப்பித் தரோம்னு அவங்க முடிவெடுக்கவே 2022 ஆச்சு. கோம் மக்களோட அஃபோ-ஆ-கோம்ங்கற மரச்சிலை 1966-ல திருடு போய் அமெரிக்கா வரைக்கும் போய் 1973-லதான் வீடு திரும்பிச்சு. அந்த ஜனங்களுக்கு அது சிலை இல்லம்மா, குடும்பத்துப் பெரியவங்க.

உங்க மாமாகிட்ட எந்த ஊர், எந்த வருஷம், யார்கிட்ட, என்ன விலைன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துலயே வைங்க. பாத்ரூம் சுவர், கிச்சன் பக்கம் மாட்டாதீங்க, ஈரமும் எண்ணெய்ப் புகையும் ஆகாது. ஆணி மட்டும் நல்ல கெட்டியா அடிங்க, அது வெயிட்டான சாமான்.