பீரோவைத் திறந்தா எதையும் எடுக்கவும் முடியல, மூடவும் முடியலீங்களா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. தோட்டத்து வீட்டை விட்டுட்டு ஈரோட்டுல ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு குடி போறாங்களாம். "சாமானைக் குறைக்கலாம்னு பீரோவுல இருக்கறதையெல்லாம் கட்டில் மேல கொட்டறேன், ஒவ்வொண்ணா எடுத்து பாக்கறேன், வேணுமா வேண்டாமான்னு முடிவே வரமாட்டேங்குது, ராத்திரி படுக்க இடம் வேணுமேன்னு மறுபடியும் உள்ளயே திணிச்சுடறேன். மாமியார் பேர் வெட்டின பாத்திரம், பசங்களோட சின்ன வயசு துணி, ஓடாத கிரைண்டர்னு எதையும் விடமுடியல, என்ன பண்றதுங்க?"

சகோதரி, நீங்க மாட்டிக்கறதே அந்த "வேணுமா வேண்டாமா"ல தாங்க. ஒரு சாமானைக் கைல வெச்சுட்டு அப்படிக் கேட்டா வேணும்னுதான் மனசு சொல்லும். 1990ல கானமன், நெட்ஷ், தேலர்னு மூணு பேர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, கார்னெல் யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட்ஸ் பாதிப்பேருக்கு சும்மா ஒரு காபி கப் குடுத்துட்டு, என்ன விலைக்கு விப்பீங்கன்னு கேட்டாங்க, மிச்சப்பேரை என்ன விலைக்கு வாங்குவீங்கன்னு கேட்டாங்க. கப் கைல இருந்தவங்க சொன்ன விலை, இல்லாதவங்க சொன்னதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இத்தனைக்கும் அது அவங்க கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சு. இருபது வருசம் நம்ம வீட்டுல கெடந்த போசிக்கு மனசு என்ன விலை போடும்னு நீங்களே பாத்துக்கங்க.

அதனால சாமானைத் தொடறதுக்கு முன்னாடியே ரெண்டு முடிவை எடுத்துடுங்க, எவ்வளவு இடம், மிச்சம் யாருக்கு. புது வீட்டுக்கு ஒருக்கா டேப்போட போய் செல்ஃபு, லாஃப்ட், பீரோ வைக்கற இடம் எல்லாத்தையும் அளந்துட்டு வாங்க. போர்வைக்கும் ஜமுக்காளத்துக்கும் ஒரு தட்டுதான்னா ஒரு தட்டுதான். இப்ப எதை கழிக்கறதுன்னு தேடவே வேண்டாம், எது கூட வரணும்னு பொறுக்குங்க, நல்ல பவானி ஜமுக்காளம் ஒண்ணு, அடிக்கடி எடுக்கற சென்னிமலை பெட்ஷீட்டுன்னு நல்லதா பாத்து அடுக்கிட்டே வாங்க, தட்டு ரொம்பினா நிறுத்திக்கங்க. பொறுக்கறது சுலபங்க, கழிக்கறதுக்குத்தான் கை வராது.

அடுத்தது யாருக்குன்னு. "யாருக்காச்சும் ஆகும்"னு எடுத்து வெச்சீங்கன்னா அந்த மூட்டை திண்ணையிலயே கெடக்கும். ஆள் யாருன்னு தெரியணும். தோட்டத்துல வேலை செய்யற அக்காகிட்ட என்ன வேணும்னு முன்னாடியே கேட்டுடுங்க, கேக்காம கிழிஞ்சதையும் சேத்து கட்டிக் குடுக்கறது மரியாதையும் இல்லீங்க. நைஞ்ச காட்டன் துணியை பக்கத்து ஒர்க்‌ஷாப்புல கேட்டுப் பாருங்க, கிரீஸ் தொடைக்க பனியன் வேஸ்ட்டைக் கிலோக்கணக்குல காசு குடுத்து வாங்கறவங்க நம்ம பக்கம் நெறைய இருக்காங்க.

கட்டில்ல கொட்டறதை மட்டும் விட்டுடுங்க. ஒரு டிராயர், அரைமணி நேரம், போதும். மொதல்ல மருந்து டப்பா, மூடி இல்லாத பிளாஸ்டிக் டப்பா, சார்ஜர் வயருன்னு மனசு ஒட்டாத சாமான்ல ஆரம்பிங்க. பசங்க துணியில ஆரம்பிச்சீங்கன்னா அன்னைக்குப் பொழுது அதுலயே போயிரும்.

ஓடாத கிரைண்டருக்கு நாள் குறிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்க, கோயமுத்தூர் கிரைண்டருக்கு பெல்ட் மாத்தறது, கல்லு கொத்தறதெல்லாம் நம்மூர்ல பெரிய வேலையே இல்லீங்க. ஓடுச்சுன்னா, புது வீட்டுலயும் அதுலதான் மாவாட்டுவேன்னு உங்களுக்கே தோணுச்சுன்னா வரட்டும். இல்லைன்னா பழைய இரும்புக்கடைதான். அன்னைக்கு அவ்வளவு காசு குடுத்து வாங்குனோமேன்னு நெனைக்காதீங்க, அந்தக் காசு கிரைண்டரை வெச்சிருந்தாலும் வராது, குடுத்தாலும் வராது.

மாமியார் பாத்திரத்துக்கு வர்றேன். அவங்க இருக்காங்கன்னா அது உங்க முடிவே இல்லீங்க, ஒரு நாள் மத்தியானம் சாவகாசமா அவங்களை உக்காரவெச்சு எல்லாத்தையும் முன்னாடி பரப்புங்க. பித்தளைக் குடத்தோட கழுத்துல புள்ளிப்புள்ளியா வெட்டியிருக்கற எழுத்தை விரல்ல தடவிட்டே, இது எங்கம்மா வீட்டுச் சீரு, இந்தத் தூக்குப்போசியிலதான் காட்டுக்கு கஞ்சி போகும்னு சொல்லுவாங்க, கேளுங்க, போன்ல ரெக்கார்டும் பண்ணிக்கங்க. சொல்லி முடிச்சப்பறம் இது நங்கைக்கு, இது பேத்திக்குன்னு அவங்களே பிரிச்சுக் குடுக்கறதை நான் போன வீடுகள்ல பாத்திருக்கேன். உங்களுக்குன்னு வர்றதுல ஒண்ணோ ரெண்டோ தினமும் புழங்கற மாதிரி எடுத்துக்கங்க. அந்தப் போசியில தினமும் பால் வாங்குங்க, லாஃப்ட்ல மூட்டை கட்டி வெச்சு பாச்சை ஓடறதை விட அதுதான் அவங்களுக்குச் செய்யற மரியாதை. வீட்டுக்காரர் சாமானும் இதே கணக்குதான், அவரைக் கேக்காம எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, அப்பறம் சண்டைதான் மிஞ்சும்.

பசங்க துணிக்கு போட்டோ எடுங்க. 2017ல வெளியான ஒரு ஆராய்ச்சியில, பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல பழைய சாமானைத் தானம் கேட்டப்ப, மனசுக்குப் பிடிச்சதை போட்டோ எடுத்துட்டு குடுங்கன்னு சொன்ன எடத்துல மத்த எடத்தை விட அதிகமா வந்திருக்கு. விடமுடியாம இருக்கறது ஞாபகத்தைத்தான். ஆளுக்கு ஒரு சொக்காய் வெச்சுட்டு மிச்சத்தை படம் பிடிச்சுட்டு குடுங்க, யாரோ ஒரு கொழந்தை போட்டுக்கட்டும்.

எவ்வளவு பாத்தும் முடிவு வராதது கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அதையெல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில போட்டு டேப் ஒட்டி, மேல "பொங்க நோம்பி"ன்னு எழுதி வெச்சுடுங்க. காப்புக்கட்டுக்கு வீடு சுத்தம் பண்றப்ப அது பிரிக்காமயே இருந்துச்சுன்னா அப்படியே குடுத்துடலாம், மறுபடி திறந்து பாக்காதீங்க.

இந்தப் பெட்டிக்குள்ள பேப்பர் மட்டும் போகவே கூடாது. மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, பழைய வில்லங்க சர்டிபிகேட், பசங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தனிப்பெட்டியில பூட்டிடுங்க. தோட்டத்துச் சொத்துல ஒரு பழைய தாள் இல்லாம பின்னாடி அலையறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.

நடக்க வழியில்லாத அளவுக்குச் சாமான் சேந்து, பழைய பேப்பரைத் தூக்கிப் போடக்கூட நெஞ்சு படபடக்குதுன்னா அது வேற. அதை 2013ல இருந்தே அமெரிக்க மனநல டாக்டருங்களோட நோய்ப் பட்டியல்ல தனி நோயாவே சேத்திருக்காங்க, மனநல டாக்டரைப் பாத்தா உதவி கிடைக்கும். நீங்க எழுதுனதை வெச்சுப் பாத்தா உங்களுக்கு அப்படித் தெரியலீங்க.

மூட்டையைக் குடுக்கறதுக்கு முன்னாடி எல்லாப் பாக்கெட்டையும், சேலை மடிப்பையும், சூட்கேஸ் உள்ஜிப்பையும் கைவிட்டுப் பாத்துடுங்க. பெரியவங்க இருக்கற வீட்டுல அரிசி டப்பா அடியில கூட மோதிரம் இருக்கும்.