மூவாயிரம் ஆண்டு வரலாற்றை ஆட்டக்காரர்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது?

கேள்வி: பெருமாள்மலையில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு விளையாடுகிறோம்; ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. கதையை நடத்திச் செல்லும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். கதை நடப்பது பழனிமலை மாதிரியே சோலையும் கற்திட்டையும் (பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால அமைப்பு) உள்ள ஒரு கற்பனை நாட்டில். அதன் மூவாயிரம் ஆண்டு வரலாற்றை இருபது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வாசிக்க ஆரம்பித்தால் ஆளுக்கொரு போனை எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வாசிப்பதை நிறுத்துங்கள். அந்த இருபது பக்கம் உங்களுக்கான குறிப்பு, அவர்களுக்கானது அல்ல. மூவாயிரம் ஆண்டுக்கு முன் நடந்ததை எந்த ஊர்க்காரரும் வரிசையாக அறிந்திருக்க மாட்டார். அவர் கண்ணில் படுவது கல், ஊர்ப்பெயர், காரணம் மறந்துபோன ஒரு வழக்கம், அதற்கு அவராகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கதை. ஆட்டத்திலும் அவ்வளவுதான் போதும்.

உங்கள் மலையையே பாருங்கள். கற்திட்டையைக் காட்டிக் கேட்டால் குள்ளர் வாழ்ந்த குகை என்பார் ஒருவர். வனவாசத்தில் பாண்டவர் தங்கிய வீடு என்பார் இன்னொருவர். தொல்லியலார் அதை இறந்தவர்களுக்கு எடுத்த ஈமச்சின்னம் என்கிறார்கள். ஒரே கல்லுக்கு மூன்று விளக்கம். உங்கள் பக்கங்களிலிருந்து இப்போதைய கதைக்குத் தேவையான மூன்றே சம்பவங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இப்படி மூன்று விளக்கம் எழுதுங்கள்: ஊர் சொல்வது, கோயிலோ அரண்மனையோ சொல்வது, உண்மையில் நடந்தது. ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். பொய்யான விளக்கத்திலும் ஒரு உண்மை விவரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள், அதன்பின் எந்தக் கிழவி சொல்வதையும் கேட்கமாட்டார்கள். குள்ளர் கதையை உங்கள் ஆட்டத்தில் பொய் விளக்கமாகவே வைப்பது நல்லது. இந்த ஆட்டத்தில் குள்ளர் இனம் ஏற்கெனவே இருப்பதால் எல்லாரும் உடனே அதை நம்பிவிடுவார்கள். மலையில் இன்றும் வாழும் பளியரையோ புலையரையோ ‘மறைந்த இனம்’ ஆக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பகடை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கதை நகர அவசியமான தகவலை ஹிஸ்டரி செக்குக்கு (பாத்திரத்துக்கு வரலாறு தெரியுமா என்று பார்க்க உருட்டும் பகடை) பின்னால் பூட்டி வைப்பார்கள். ஐந்து பேருக்கும் குறைந்த எண் விழுந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். அவசியமானதைப் பகடை இல்லாமலே கொடுங்கள். கூடுதல் விவரத்துக்கு மட்டும் பகடை: 10 வந்தால் யார் கட்டியது, 15 வந்தால் அது இன்றைய சிக்கலோடு எப்படித் தொடர்புடையது, 20 வந்தால் ஊர்க்கதையில் எது பொய். 10க்குக் கீழே போனால் ‘தெரியவில்லை’ என்று சொல்லாமல் ஊர்க்கதையைக் கொடுங்கள்.

மந்திரங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாடுபட்டு எழுதிய பழைய கல்வெட்டை முதல் நிலை மந்திரமான காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ் தொட்டதும் படித்துவிடும். அதைத் தடுக்க வழி தேட வேண்டாம். அது நேர்ப்பொருளை மட்டுமே தரும் என்பதைப் பயன்படுத்துங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்-பிராமி என்ற பழைய எழுத்து பொறித்த நடுகற்கள் (இறந்த வீரர் நினைவாக நட்ட கற்கள்) கிடைத்தன. அவற்றில் ஒன்றின் வாசகம் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்தவனுக்கு எடுத்த கல். எழுத்துக் கூட்டிப் படித்தாகிவிட்டது, பொருளும் புரிகிறது. ஆனால் மாட்டைக் கவர வந்தவனா, காக்கப் போனவனா? எதிரி யார்? கல் சொல்லவில்லை. உங்கள் கல்வெட்டும் இந்த நீளத்தில், இப்படி ஒரு ஓட்டையோடு இருந்தால் மந்திரத்துக்குப் பிறகும் ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

இறந்தவரைப் பேசவைக்கும் ஸ்பீக் வித் டெட் மந்திரத்தைப் போட்டால் பிணம் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்லும், ஆனால் அதற்கு வாய் இருக்க வேண்டும். பெருங்கற்கால ஈமக்குழிகள் பலவற்றில் முழு உடல் கிடையாது. சதை போன பிறகு பொறுக்கிய சில எலும்புகளே கிடைக்கும். தாடை இல்லாத எலும்புக்குவியல் ஆட்டத்துக்கு நியாயமான தடையும் ஆகும், அந்த மக்களின் வழக்கத்தைக் காட்டும் தடயமும் ஆகும்.

இந்த ஆட்டத்தில் வரும் நீண்ட ஆயுள் கொண்ட இனமான எல்ஃப்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் 750 வயது வரை வாழ்பவர்கள். மூவாயிரம் ஆண்டு அவர்களுக்கு நான்கே ஆயுள், பாட்டியின் பாட்டி நேரில் பார்த்ததாகச் சொல்லிவிட முடியும். காலத்தைப் பத்தாயிரம் ஆண்டுக்குத் தள்ளுங்கள், அல்லது அந்த எல்ஃப் பாட்டியை ஒரு தரப்புச் சாட்சியாக்குங்கள். இரண்டாவதே சுவாரசியம்.

புதையலையும் தடயமாக்கலாம். பழனிக்கு அருகே பொருந்தலில் ஒரு ஈமக்குழியில் நான்கு கால் ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது, காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். அதே ஜாடியை உங்கள் மலையுச்சிக் கல்லறைக்குள் வையுங்கள். நெல் விளையாத உயரத்துக்கு நெல் எப்படி வந்தது? கீழ்நாட்டோடு இருந்த உறவு அரைப் பக்க விளக்கமில்லாமல் புரிந்துவிடும். அந்த இடத்துக்கு ஒட்டாத ஒரு பொருள், ஒரு கல்லறைக்கு ஒன்று. அதற்கு மேல் வைத்தால் பட்டியல் ஆகிவிடும்.

கையில் கொடுக்க ஒரு கல்வெட்டு செய்துவிடுங்கள். அட்டைப்பெட்டியிலிருந்து 20 × 15 செ.மீ. துண்டு வெட்டி, எழுத்துகளை ஃபெவிகாலில் வரைந்து, அதன்மேல் 2 மி.மீ. தடிமனுள்ள சணலை அழுத்தி ஒட்டுங்கள். ஒரு மூலையைப் பிய்த்துவிடுங்கள், அதோடு இரண்டு எழுத்தும் போகட்டும். ஆட்டக்காரர் மெல்லிய தாளை மேலே வைத்து கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எழுத்து நேராகவே எழும், திருப்பி ஒட்டத் தேவையில்லை. சணல் மெலிந்தால் எழுத்து தெரியாது, தடித்தால் தாள் கிழியும். மழைக்காலத்தில் உங்கள் ஊர் ஈரத்துக்கு ஃபெவிகால் ஒரு ராத்திரியில் காயாது. இரண்டு நாள் முன்னதாகச் செய்து அடுப்பங்கரையில் வையுங்கள். நிஜக் கற்திட்டை மேல் தாள் வைத்துத் தேய்த்துப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

அளவு: செஷனுக்கு (ஒரு முறை கூடி ஆடுவதற்கு) இரண்டு எச்சம், அதாவது கல், ஜாடி, வழக்கம் போலப் பழங்காலம் விட்டுச்சென்றவை, ஒரே ஒரு புதுப் பெயர், ஒரே மூச்சில் நான்கு வாக்கியத்துக்கு மேல் வர்ணனை கூடாது. அவர்கள் கண்டுகொள்ளாத எச்சத்தை விட்டுவிடுங்கள், வேறு வடிவில் ஒருமுறை திரும்ப வரலாம், மூன்றாம் முறை வேண்டாம். அவர்களின் ஊகம் உங்கள் குறிப்பைவிட நன்றாக இருந்தால் குறிப்பை மாற்றுங்கள். ஆனால் ஏற்கெனவே அவர்கள் கையில் கொடுத்த கல்லையும் ஜாடியையும் மாற்றக்கூடாது, புதிய உண்மை அவற்றோடு பொருந்தியே ஆகவேண்டும்.