ஊசி எத்தனை வருடம் பலிக்கும்?

கேள்வி: எனக்கு 46 வயது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் பீடி சுற்றுகிறேன். எட்டு வருடமாக முடக்குவாதம். மாத்திரைக்கு அடங்காததால் இரண்டரை வருடமாக அடாலிமுமாப் ஊசி, பதினைந்து நாளுக்கு ஒன்று. வேலூரில் வாங்கி வந்து வீட்டிலேயே போட்டுக்கொள்கிறேன். வலி போய், பழையபடி வேலை செய்கிறேன். வாரம் ஒருநாள் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் குமட்டியதால் ஆறு மாதமாக விட்டுவிட்டேன். இப்போது ஊசி நாள் நெருங்கும்போது மட்டும் காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது. இந்த ஊசி எத்தனை வருடம் பலிக்கும்? உடம்புக்குப் பழகிவிடுமா? தை மாதம் மகளுக்குக் கல்யாணம். செலவு நெருக்குகிறது. அதுவரை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். என் கண் நின்றதோ, போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில்: குமட்டியதால் மாத்திரையை விட்டுவிட்டேன் என்கிறீர்கள். உங்கள் கேள்விகளுக்குப் பாதிப் பதில் அங்கேதான் இருக்கிறது.

அடாலிமுமாப் ஒரு புரதம். உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கிறார்கள். மூட்டுச் சவ்வைக் கொதிக்கவைக்கும் டி.என்.எஃப். என்ற பொருளைப் பிடித்து முடக்குவதுதான் அதன் வேலை. ஆனால் உடம்புக்கு அது வெளியாள். நாளடைவில் சிலருடைய உடம்பு அதற்கு எதிர்ப்புரதம் தயாரித்து, போட்ட ஊசியைச் சீக்கிரமே செலவழித்துவிடும். பதினைந்து நாள் தாங்கிய மருந்து பன்னிரண்டாம் நாளே தீர்ந்துபோகும், விரல் விறைக்கும். நீங்கள் ‘பழகிவிடுமா’ என்று கேட்டது இதைத்தான். இந்த எதிர்ப்பைத் தலைதூக்கவிடாமல் வைப்பது மெத்தோட்ரெக்சேட். வலி போன பிறகும் அதைத் தொடரச் சொல்வது அதனால்தான். நீங்கள் விட்டு ஆறு மாதம் ஆகிறது, விறைப்பும் எட்டிப் பார்க்கிறது. இரண்டும் தற்செயலாக நடந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை.

குமட்டலுக்கு வழி உண்டு. அளவைக் குறைக்கலாம், இரவு உணவுக்குப் பின் சாப்பிடலாம், அதே மருந்தைத் தோலடி ஊசியாகவும் போடலாம். கூடவே ஃபோலிக் அமிலம். ஊசிக்குத் துணை நிற்க வாரம் 10 மி.கி. அளவே பலருக்குப் போதும். ஆனால் பழைய அட்டையை எடுத்து நீங்களாகவே தொடங்கிவிடாதீர்கள். முதலில் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் பரிசோதனை. பிறகு மருத்துவர் எழுதிய அளவு, வாரத்துக்கு ஒரே நாள். தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கிழமை என்பதை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு வருகிறேன். 1992இல் லண்டனில் மைனி, ஃபெல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் டி.என்.எஃப். தடுப்பு மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். 1998 முதல் இந்த வகை ஊசிகள் சந்தைக்கு வந்தன. கால் நூற்றாண்டு அனுபவம் கையில் இருக்கிறது. பிரிட்டன், ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பதிவேட்டில் வைத்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்கிறார்கள். முதல் ஊசியிலேயே ஐந்தாம் ஆண்டிலும் நீடிப்பவர்கள் சுமாராகப் பாதிப் பேர். மற்ற பாதி தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் வேறு ஊசிக்கு மாறுகிறார்கள். எட்டனெர்செப்ட், ரிட்டுக்சிமாப், டோசிலிசுமாப் என்று வரிசை இருக்கிறது. டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. ஒரே ஊசியில் பத்து ஆண்டைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

மருந்து மாற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஊசியை எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? இது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். பஸ்ஸில் மடியில் வைத்த துணிப்பையில் ஊசி வந்தால், குடியாத்தத்தில் இறங்குவது வெந்த புரதமாகவும் இருக்கலாம். மூடியுள்ள தெர்மோ பெட்டி, அடியில் ஐஸ் பை, நடுவில் மடித்த துண்டு, மேலே ஊசி. ஐஸ் நேராக ஊசியில் படக் கூடாது, உறைந்தாலும் கெட்டதுதான்.

காசநோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நுரையீரலில் உறங்கும் காசக் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிய வேலியைக் காப்பதும் இதே டி.என்.எஃப்.தான். ஊசி தொடங்கும்போது எடுத்த எக்ஸ்ரேயும் காசநோய்க்கான தோல் சோதனையும் சரியாக இருந்திருந்தாலும், அது அன்றைய நிலவரம். நம் ஊரில் கிருமி பின்னாலும் தொற்றும். இரண்டு வாரம் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை இறங்குவது, கழுத்தில் கட்டி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். இந்த ஊசி போடுகிறவர்களுக்குக் காசம் நுரையீரலுக்கு வெளியேதான் அடிக்கடி தலைகாட்டும். இருமல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

நிறுத்தலாமா? இப்போது கூடாது. நெதர்லாந்தில் 800க்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் நோய் நன்றாக அடங்கியிருந்தவர்கள். ஊசியை நிறுத்தியவர்களில் 51 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 18 சதவீதம். உங்களுக்கோ விறைப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. இன்று நிறுத்தினால் தாம்பூலத் தட்டைத் தூக்க வேண்டிய வாரத்தில் மணிக்கட்டு வீங்கி உட்காருவீர்கள். பீடியின் முனை மடிக்கும் விரலும் வேலைக்கு ஆகாமல், ஊசியில் மிச்சப்படுத்தியதைக் கூலியில் விடுவீர்கள்.

செலவை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். 2014 முதல் இந்திய நிறுவனங்களின் அடாலிமுமாப் கிடைக்கிறது, விலை குறைவு. மாத்திரையை மீண்டும் தொடங்கி, விறைப்பு மறைந்து, குறைந்தது ஆறு மாதம் நோய் முழுதாக அடங்கியிருந்தால், பதினைந்து நாளை மூன்று வாரமாக, பிறகு நான்கு வாரமாகத் தள்ளிப் பார்க்கலாம். அதற்கு அளவுகோல் உண்டு: 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் 2.6க்குக் கீழே இருக்க வேண்டும். ‘வலி இல்லை டாக்டர்’ என்பது மட்டும் போதாது.

முகூர்த்த நாளும் ஊசி நாளும் ஒன்றாக வந்தால் ஓரிரு நாள் முன்பின் போட்டுக்கொள்ளலாம், குற்றமில்லை. கல்யாண வீட்டு ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டும் பூவும் நிறையும்போது, இடம் இல்லையென்று யாரோ உங்கள் ஊசிப் பெட்டியை மேலே உறைபனி அறைக்குள் தள்ளிவிடுவார்கள். முதல் நாளே பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் கொடுத்து வைத்துவிடுங்கள்.